கம்பிவழிக் கட்டளைகள் – 17: இரண்டாம் சாட்சி

போன அத்தியாயத்தை 1975இல் நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு அமெரிக்காவின் ஹனிவெல் டிடிசி 2000 என்ற சாதனத்தையும், ஜப்பானின் யோகோகாவா சென்டம் என்ற சாதனத்தையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஆலை முழுவதையும் ஒரே பெரிய கணினி ஆட்டிப்படைத்தால், அது படுத்த அன்று ஆலையும் படுத்துவிடும். அதனால் வேலையைப் பல சிறு கட்டுப்படுத்திகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்று கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று குளிர்நீரை. எல்லாம் ஒரே தரவுக் கம்பியில் கோத்திருக்கும். பரவல் கட்டுப்பாட்டு முறை, ஆலைக்காரர்கள் பேச்சில் டிசிஎஸ், இப்படித்தான் பிறந்தது.

இதில் ஒரு விஷயம் அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பாய்லர் பக்கத்தில் நின்று முள் பார்த்த ஆபரேட்டர் குளிரூட்டிய அறைக்குள் திரை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். இனி அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அவருக்குச் சொல்வது கட்டுப்படுத்தி மட்டுமே. கட்டளையிடுவதும் அது, கட்டளை நிறைவேறியது என்று அறிக்கை தருவதும் அது. கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளையையே தணிக்கைக்கும் உட்கார வைத்தது போன்ற ஏற்பாடு. இந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை எப்படிப் போனது, அதற்கு வெளியே ஒரு சாட்சியை நிறுத்த எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதே இந்த அத்தியாயம். இது சிறு பட்டறைகளையும் தொடும் கதை என்பதால், புணேயின் போசரியிலிருந்து தொடங்கலாம்.

போசரியில் விளைந்த இரும்பு

போசரி, ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி ஆகிய நான்கையும் சேர்த்து 1970இல் ஒரு நகராட்சி அமைத்தார்கள். அதற்குள்ளாகவே அந்தப் பகுதியின் முகம் மாறிவிட்டிருந்தது. 1954இல் பிம்ப்ரிக்கு ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. 1962இல் மகாராஷ்டிர அரசு தொழில் வளர்ச்சிக் கழகத்தை, எல்லோரும் எம்ஐடிசி என்று சொல்லும் அமைப்பை, தொடங்கியது. லாரி செய்ய டெல்கோ வந்தது, ஸ்கூட்டர் செய்ய பஜாஜ் வந்தது. நாசிக் சாலையோரம் இருந்த போசரியின் நிலங்கள் ஆங்கில எழுத்துப் பெயரிட்ட பிளாக்குகளாகப் பிரிந்தன. நைலான் இழை தயாரிக்கும் செஞ்சுரி என்கா போன்ற பெரிய ஆலை ஒருபுறம். மறுபுறம் லேத், பிரஸ், வெல்டிங், பவுடர் கோட்டிங், கன்ட்ரோல் பேனல் கட்டும் பட்டறைகள் என்று சந்து சந்தாகச் சிறுதொழில். 1982இல் நகராட்சி, மாநகராட்சி ஆனது.

இன்று போசரியின் எந்தப் பட்டறைக்குள் போனாலும் சாம்பல் நிறப் பெட்டிக்குள் ஒரு பிஎல்சி, நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்படுத்தி, கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். டிசிஎஸ்ஸின் தம்பி அது. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரிலே பெட்டிகளுக்கு மாற்றுக் கேட்டபோது, டிக் மார்லியும் கூட்டாளிகளும் உருவாக்கிய கருவி. டிசிஎஸ் பெரிய வீட்டுப் பிள்ளை. பிஎல்சி நாலு இயந்திரம் வைத்திருப்பவருக்கும் எட்டியது. சாட்சி இல்லாத குறை மட்டும் இருவருக்கும் பொது.

விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

அந்தக் குறை முதலில் வெளிப்பட்டது எதிரியால் இல்லை, ஒரு விளக்கால். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா, திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறையில் அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு காட்டியது, வால்வை மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும்தான். வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று அது பார்க்கவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலைக்கரு பாதி உருகியது. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாக அடித்ததால், எதைக் கவனிப்பது என்றே தெரியாமல் போனது.

அடுத்த பாடத்தில் எதிரி வந்தான். 2000ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம், மரூச்சி வட்டாரம். 142 கழிவுநீர் பம்ப் நிலையங்கள் ரேடியோ வழியாகக் கட்டளை வாங்கிக்கொண்டிருந்தன. பிப்ரவரியிலிருந்து பம்புகள் காரணமில்லாமல் நின்றன, அலாரங்கள் வராமல் போயின. ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. புதிதாகப் போட்ட அமைப்பில் ஏதோ கோளாறு என்றே முதலில் நினைத்தார்கள். ஒரு பொறியாளருக்கு மட்டும் சந்தேகம் விடவில்லை. 14ஆம் எண் நிலையத்திலிருந்து தப்பான செய்திகள் வருவதைக் கண்டு, அந்த நிலையத்தின் அடையாள எண்ணையே 3 என்று மாற்றி வைத்தார். அதற்குப் பிறகும் ‘14’ என்ற பெயரில் செய்தி வந்தது. அப்படியானால் பேசுவது நிலையம் இல்லை, வேறு யாரோ. அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் மடிக்கணினியும் ரேடியோ கருவியுமாக ஏப்ரலில் காரில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு அவருக்கு 2 ஆண்டு சிறை. மரூச்சியில் சாட்சியாக இருந்தது ஒரு மனிதரின் விடாப்பிடி. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த விடாப்பிடியை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதுதான் இன்று இயக்கநேரப் பாதுகாப்புக் கண்காணிப்பு என்று சொல்லப்படும் துறை.

21 விநாடிப் பொய்

2009இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிலின் மோ, புரூனோ சினோபோலி இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஆலை சீராக ஓடும் நேரத்தில் எதிரி உணரிகளின் அளவுகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறான். பிறகு உள்ளே நாசம் செய்துகொண்டே, அந்தப் பழைய பதிவைத் திரையில் மறுபடி மறுபடி ஓட்டுகிறான். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்கள் சொன்ன விடை அழகானது. கட்டுப்படுத்தி அனுப்பும் கட்டளையோடு, யாராலும் ஊகிக்க முடியாத மிகச் சிறிய அதிர்வு ஒன்றைக் கலந்துவிட வேண்டும். ஆலை உண்மையிலேயே அந்தக் கட்டளையைக் கேட்டு ஓடினால், அதே அதிர்வின் சாயல் உணரி தரும் அளவிலும் தெரியும். பழைய பதிவில் நேற்றைய அதிர்வுதான் இருக்கும், இன்றையது இருக்காது. இதற்கு விலை உண்டு. வேண்டுமென்றே குலுக்குவதால் கட்டுப்பாட்டின் நேர்த்தி கொஞ்சம் குறையும்.

மறு ஆண்டு, 2010 ஜூனில், பெலாரஸின் ஒரு சிறிய வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் கையில் ஸ்டக்ஸ்நெட் சிக்கியது. ஈரானின் நத்தான்சில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் குறிவைத்து எழுதிய நிரல் அது. சீமென்ஸ் எஸ்7-417 கட்டுப்படுத்திக்காக எழுதிய பகுதி, ஆலை நன்றாக இருந்தபோது 21 விநாடி அளவுகளைப் பதிவு செய்து, தாக்குதல் நடக்கும் நேரத்தில் அதையே சுழற்றிச் சுழற்றிக் காட்டியது என்று ஜெர்மனியின் பாதுகாப்பு நிபுணர் ரால்ஃப் லாங்னர் பிரித்துக் காட்டினார். காகிதத்தில் எழுதிய கேள்வி பாலைவன ஆலையில் நடந்தேறியிருந்தது. அந்த நிரல் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாவது இடம் இந்தியாவுக்கு என்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சைமன்டெக்கின் கணக்கு சொன்னது. இங்கே அதற்கு இரை இல்லாததால் அது பேசாமல் கிடந்தது.

தண்ணீர் பொய் சொல்லாது

நத்தான்சுக்குப் பிறகு ஆய்வாளர்கள் கணினியை விட்டு இயற்பியலின் பக்கம் திரும்பினார்கள். அடிப்படை எளியது. 2 சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள ஒரு தொட்டியில் நிமிடத்துக்கு 20 லிட்டர் நீர் விழுந்தால், மட்டம் நிமிடத்துக்கு 1 செ.மீ. உயர்ந்தாக வேண்டும். வால்வு திறந்திருக்கிறது, ஓட்டமானி 20 லிட்டர் என்கிறது, மட்டமானி மட்டும் அசையவில்லை என்றால், மூன்றில் ஒன்று பொய் அல்லது குழாய் உடைந்திருக்கிறது. எதுவானாலும் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம். எதிரி சிறிது சிறிதாக ஏமாற்றினால்? ஒவ்வொரு நிமிடமும் 1 மி.மீ. மட்டும் தப்பாகச் சொன்னால்? விலகல்களைக் கூட்டிக்கொண்டே போய், கூட்டுத்தொகை வரம்பு தாண்டும்போது குரல் எழுப்பும் கணக்கு ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆலைச் சரக்கின் தரம் பார்க்க 1954இல் இ. எஸ். பேஜ் வகுத்த முறை அது. தரச் சோதனைக்குப் பிறந்தது பாதுகாப்புக்கு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஓடுகிற ஆலையை யார் தருவார்கள்? சிங்கப்பூர் தொழில்நுட்பம் மற்றும் வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஐடிரஸ்ட் மையம் 2015இல் சொந்தமாகவே ஒன்று கட்டியது. ஸ்வாட் என்று பெயர். நிமிடத்துக்கு 5 கேலன் நீரைச் சுத்திகரிக்கும் சிறிய நிலையம், ஆறு கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் பிஎல்சி. 11 நாள் இடைவிடாமல் ஓட்டினார்கள். முதல் 7 நாள் ஒழுங்காக, கடைசி 4 நாள் 36 தாக்குதல்களோடு. அந்தப் பதிவு உலகெங்கும் ஆய்வாளர்களின் உரைகல் ஆனது.

மையத்தை நடத்திய ஆதித்ய மாத்தூரும் ஆய்வாளர் ஸ்ரீதர் அதெப்புவும் அங்கே முன்வைத்தது ஒரு முக்கியமான யோசனை. கட்டுப்பாடு பரவலாக இருக்கிறது, கண்காணிப்பு மட்டும் ஏன் ஓரிடத்தில்? ஓரிடத்தில் வைத்தால் எதிரிக்கு அந்த ஓரிடத்தை மடக்கினால் போதும். ஆகவே தொட்டி, வால்வு, பம்பு இவற்றின் மாறாத உறவுகளை விதிகளாக எழுதி, ஒவ்வொரு கட்டத்தின் பிஎல்சியிலும் பதித்தார்கள். சில விதிகளுக்குத் தன் கட்டத்தின் அளவு போதும். சிலவற்றுக்குப் பக்கத்துக் கட்டத்தின் அளவும் வேண்டும். முதல் கட்டத்தில் செய்த தில்லுமுல்லு அங்கே தெரியாமல் அடுத்த கட்டத்தில் தெரியலாம்.

இன்னொரு குழு வேறு வழி பார்த்தது. முகமது தைமூர் கான், டிமிட்ரியோஸ் செர்பானோஸ், எம்ஐடியின் ஹோவர்ட் ஷ்ரோப் மூவரும் 2018இல் விவரித்த ஆர்மெட் என்ற முறையில், கட்டுப்பாட்டு நிரல் எப்படி நடக்க வேண்டும் என்ற வரையறை நிரலோடு கூடவே ஓடும். வரையறை எதிர்பார்ப்பது ஒன்று, நிரல் செய்வது ஒன்று என்றானால் கண்காணி விழித்துக்கொள்ளும்.

இவற்றுக்கும் ஓட்டைகள் உண்டு. மின்கட்டமைப்பின் அளவுகளில் தப்பானதைக் களையும் கணக்கையே ஏமாற்ற முடியும் என்று யாவ் லியு, பெங் நிங், மைக்கேல் ரைட்டர் ஆகியோர் 2009இலேயே நிறுவினார்கள். கட்டமைப்பின் வரைபடம் தெரிந்தவன், ஒன்றுக்கொன்று முரணில்லாத பொய்களைச் சேர்த்துச் சொன்னால் போதும். கண்காணிப்பை பிஎல்சிக்குள்ளேயே வைத்தால், பிஎல்சியைப் பிடித்தவன் அதையும் பிடித்துவிடுவான். அதனால்தான் உணரி தன் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் கம்பியிலேயே தனியாகக் காது வைக்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பொய் அலாரம் அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு விதியை விநாடிக்கு ஒரு முறை சோதித்தால் நாளுக்கு 86,400 சோதனை. பத்தாயிரத்தில் ஒன்று தப்பினாலும் நாளுக்கு எட்டு ஒன்பது வீண் அலாரம். நூறு விதிகள் என்றால் எண்ணூறு தாண்டும். ஷிப்ட் இன்சார்ஜ் இரண்டாம் நாளே ‘பைபாஸ் போடுப்பா’ என்று சொல்லிவிடுவார். அலுவலகக் கணினியில் சந்தேகம் வந்தால் நிறுத்திவிடலாம். உருக்கிய உலோகம் இருக்கும் உலையை அப்படி நிறுத்த முடியாது. கண்காணி குரல் கொடுக்கலாம், ஆலையை நிறுத்தும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கலாமா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

மும்பை இருண்ட காலை

2020 அக்டோபர் 12, காலை 10 மணி அளவில் மும்பையில் மின்சாரம் போனது. மின்சார ரயில்கள் நடுவழியில் நின்றன. கொரோனா காலம், மருத்துவமனைகள் ஜெனரேட்டரைத் தேடின. ரயில்கள் நண்பகல் தாண்டி நகரத் தொடங்கின, சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப இரவாகிவிட்டது.

2021 பிப்ரவரி 28இல் அமெரிக்க நிறுவனம் ரெக்கார்டட் ஃபியூச்சர், சீனாவோடு தொடர்புடையது என்று தான் கருதிய ரெட்எக்கோ என்ற குழு இந்திய மின்துறையின் பத்து அமைப்புகளைக் குறிவைத்ததாக அறிக்கை விட்டது. மும்பை இருளுக்கும் அதற்கும் தொடர்பு உறுதியாகவில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தது. மறுநாள் மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக், மாநில சைபர் பிரிவின் முதற்கட்ட அறிக்கையைக் காட்டி, மின்வாரியக் கணினிகளில் 14 ட்ரோஜன் நிரல்களும் கணக்கில் வராத 8 ஜிபி தரவும் புகுந்திருக்கலாம் என்றார். அதற்கடுத்த நாள் மத்திய மின்துறை அமைச்சர் ஆர். கே. சிங், மின்தடைக்குக் காரணம் மனிதத் தவறு, தாக்குதல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். இரண்டு அரசுகள், இரண்டு பதில்கள்.

அந்தக் காலை 10 மணிக்கு எந்தக் கட்டளை எங்கிருந்து போனது, எந்த பிரேக்கர் எப்போது திறந்தது, நிரல் அதே நிரல்தானா என்பதைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வெளியே நின்று பதிவு செய்த சாட்சியம் எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. அது வைக்கப்பட்டிருந்தால் இரண்டு பதில்களில் ஒன்று அன்றே விழுந்திருக்கும்.

மும்பை மின்தடைக்கு முந்தைய ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் இதே சிக்கலின் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். 2019 அக்டோபர் 29இல் நிலையத்தின் தரப்பில் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று மறுத்தார்கள். மறுநாள் இந்திய அணுமின் கழகம், ஒரு கணினியில் தீநிரல் இருந்தது மெய்தான், செப்டம்பர் 4இலேயே சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான சர்ட்-இன் தகவல் தந்தது என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வலைப்பின்னலில் இருந்த கணினி அது, உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு தனியானது, பாதிப்பில்லை என்றும் விளக்கியது. முதல் நாள் மறுப்பைக் கேட்டவர்களுக்கு இரண்டாம் நாள் விளக்கத்தை நம்புவது கடினமாகிவிட்டது.

போசரிக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று நடந்தது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்ற நகரம். 2021 பிப்ரவரி இறுதியில் அந்தத் திட்டத்தின் சர்வர்களைப் பணயநிரல் பூட்டியது. பிட்காயினில் பணம் கேட்டார்கள். திட்டத்தை நடத்திய டெக் மஹிந்திராவின் தரப்பில் மார்ச்சில் நிக்டி காவல் நிலையத்தில் புகார் பதிவானது, நட்டம் 5 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. பணயநிரலுக்குப் பணம் வேண்டும், அதனால் தானே வந்து கதவைத் தட்டும். ஸ்டக்ஸ்நெட் வகைக்குப் பணம் வேண்டாம், அது தட்டாது. கண்காணிப்பு முக்கியமாகத் தேவைப்படுவது தட்டாதவனுக்குத்தான்.

ஆறு மணி நேரமும் 180 நாளும்

சட்டம் இதற்குப் பின்னால் ஓடி வந்தது. 2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கென்று சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022 ஏப்ரல் 28இல் சர்ட்-இன் ஆணை வந்தது: சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் தகவல் தர வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். கடைசி விதி சாதாரணமாகத் தோன்றலாம். பரவல் அமைப்பில் அதுதான் உயிர்நாடி. இரண்டு துணைமின்நிலையங்களின் கடிகாரங்கள் அரை நிமிடம் வேறுபட்டால், எது முதலில் விழுந்தது என்றே சொல்ல முடியாது. காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் தெரியும்.

பெரிய நிறுவனங்கள் இதற்கெல்லாம் ஆள் வைத்துக்கொள்ளும். போசரியின் சந்துகள்? ‘நம்ம பட்டறையை எவன் தாக்கப் போறான்’ என்று அங்கே நினைத்தால், 2022 மார்ச் 1ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில நாள் முன்பு ஜப்பானில் கோஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்ற உதிரிபாக நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டிருந்தன. மார்ச் 1 அன்று ஒரு நாள் டொயோட்டா ஜப்பானிலுள்ள தன் 14 ஆலைகளிலும் 28 லைன்களையும் நிறுத்தியது, ஏறத்தாழ 13,000 வண்டிகள் உற்பத்தி ஆகவில்லை. பிம்ப்ரி, சிஞ்ச்வட், சாக்கன் ஆலைகளுக்கு உதிரிபாகம் கொடுக்கும் போசரியும் அதே சங்கிலியில் ஒரு கண்ணி.

சிறிய பட்டறைக்கு சிங்கப்பூர் ஆய்வுக்கூடம் வேண்டாம். பிஎல்சியில் ஓடும் நிரலின் பிரதி ஒன்று முதலாளியின் கையில் இருக்கட்டும், பேனல் கட்டிக் கொடுத்தவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்க வேண்டாம். மாதம் ஒரு முறை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியூரிலிருந்து சர்வீஸ் பார்க்கத் திறந்த இணைப்பை, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். மிக முக்கியமான இரண்டு மூன்று அளவுகளையாவது பிஎல்சியைக் கேட்காமல், உணரியிலிருந்து நேரே தனிப் பதிவுக் கருவிக்குக் கொண்டு போங்கள். விலை அதிகமில்லாத சாட்சி அது. விபத்தா தாக்குதலா என்று கேட்கும் நாளில், பதில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

கோஜிமாவுக்கு ஐந்து ஆண்டு முன்பு, 2017இல், சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கட்டுப்படுத்தியையே குறிவைத்தார்கள். அதன் முகப்பிலிருந்த சாவி ‘ரன்’ நிலையில் இருந்திருந்தால் நிரலை மாற்றியிருக்க முடியாது. சாவி ‘புரோகிராம்’ நிலையில் இருந்தது. அடுத்த இதழில் அந்தக் கதை.